ஓரத்தில் எழுதிய நாலு

மோந்தெரோசோ,
புனித மார்ட்டீன் திருநாள், 1228

என் அன்புக் கணவருக்கு,

கிஸ்லா எழுதுகிறேன். போலோஞ்ஞாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கழுதை வழியில் நொண்டவில்லையே?

ஆயரின் நீதிபதி அதே பாட்டைத்தான் பாடுகிறார். "ஏழு தலைமுறைக்குள்ள உறவுன்னா அது கல்யாணமே இல்லம்மா. புத்தகத்துல இருக்கு, நான் என்ன பண்ண?" என்கிறார். நம் இருவரின் வம்சமும் ஆறாவது தலைமுறையில் ஒரே கிழவரிடம் போய் முடிகிறதாம். அந்தக் கிழவரை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை, எனக்கும் அவர் தாத்தாவாயிற்றே!

கிறிஸ்து பிறப்பு வரைதான் தவணை. அதற்குள் சட்டத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்து வாருங்கள். அப்பா இப்போதே ஆலைக்கார பால்தோவைப் பற்றி ஜாடையாகப் பேச்செடுக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மனைவி (இப்படி எழுத இன்னும் தடை வரவில்லை),
கிஸ்லா


போலோஞ்ஞா,
புனித லூசியா திருநாள், 1228

கிஸ்லா, கண்ணே,

கிடைத்துவிட்டது! இங்கே சட்ட ஏடுகளைப் படியெடுக்க வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "எந்தக் காட்டுலேருந்துப்பா வர்றே? நடுவுல இருக்கறத மட்டும் படிச்சா இப்படித்தான். ஓரத்தப் பாரு" என்றார்.

பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் பழைய சட்டம். அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் உரை. ஏழு என்பது பழைய கணக்கு, உரோமையில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை நாலாகக் குறைத்துவிட்டது என்று அந்த உரை சொல்கிறது. நம்முடையது ஆறு! நம்மை யாரும் பிரிக்க முடியாது.

நம் நீதிபதியின் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். அது தோலில் எழுதிய ஏடு; கடிதம் எழுதத் தோல் வேண்டுமென்று ஓரத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள், பாவிகள்.

அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, இங்குள்ள சட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் முத்திரையோடு நானே கொண்டு வருகிறேன். கணவாயில் பனி மூடிவிட்டது. அது உருகியதும் நான் வருவேன்; அதற்கு முன் மலையைக் கடக்கத் துணிந்த ஓர் ஆளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தைரியமாக இரு.

உன் கணவன்,
ரனியேரோ


மோந்தெரோசோ,
தவக்காலம், 1229

அன்புள்ள ரனியேரோவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சத்திரத்திலேயே இத்தனை நாளும் கிடந்ததாம். படித்துவிட்டு ஆலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

தவணை முடிந்ததும் நம் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "அவன் இனி வரமாட்டான்டி. பட்டணத்துல எவளையாவது பாத்திருப்பான்" என்றார் அப்பா. நான் நம்பவில்லை. ஆனாலும் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்ததும் பால்தோவுக்கு என்னைக் கட்டிவைத்தபோது எதிர்த்து நிற்க என்னிடம் ஒன்றுமில்லை.

பால்தோ கெட்டவர் இல்லை. நான் இப்போது முழுகாமல் இருக்கிறேன்.

நீங்கள் அந்த ஏட்டைக் கொண்டுவந்து காட்டினால் நீதிபதி தலைகுனிவார். நாம் புருஷன் பெண்டாட்டி என்று ஊர் ஒப்புக்கொள்ளும். பிறகு இந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

நம் கல்யாணம் செல்லும். அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். பனி உருகினாலும் ஊருக்கு வராதீர்கள்.

பால்தோவின் வீட்டிலிருந்து,
கிஸ்லா