ஒடுகத்தூர் மைதானத்தில் மேடு எது?

பந்தை விட்டாலும் விடுவேன், ஆளை விடமாட்டேன் என்று நின்ற என் கோவிந்தண்ணனுக்கு,

உன் தங்கச்சி வாயடைத்துப் போயிருக்கிறாள் என்றால் நம்புவாயா? ஊரே நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூரிலிருந்து திரும்பியது முதல் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய்க் காய்ச்சல் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். காய்ச்சல் இல்லை அண்ணா, அதிர்ச்சி. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஏனென்றால் அதற்குக் காரணமே நீதான்.

முதலில் டீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் நீ காதில் வாங்க மாட்டாய்.

சித்திரையில் டோர்னமென்ட். இந்த வருஷமும் ஒடுகத்தூர் மைதானத்தில்தான். சீட்டுக் குலுக்கியதில் நமக்கு முதல் ஆட்டமே ஒடுகத்தூர்க்காரர்களோடு விழுந்திருக்கிறது. போன வருஷம் பைனலில் நம்மை அழவைத்தார்களே, அவர்களேதான். தோற்றால் அன்றைக்கே மலையேறி ஊருக்குத் திரும்ப வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பாதிப் பேர் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். நீ போன பிறகு யாருக்கும் மனசு ஒட்டவில்லை. முதல் நாளே தோற்றால் இத்தோடு டீமைக் கலைத்துவிடலாம் என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். நீ சேர்த்த டீம், அண்ணா.

முருகேசனுக்கு அதே கால், அதே வேகம், அதே மண்டை. ஓட ஆரம்பித்தால் பந்து பின்னால் கிடப்பதுகூடத் தெரியாது. கல்யாணம் ஆனபின் லேசாகத் தொப்பை வேறு. ஆனாலும் விங்கில் அவனை விட்டால் நமக்கு ஆள் கிடையாது. காலையில் ரெண்டு இட்லி குறைத்தால் போதும், ஒடுகத்தூர்க்காரர்களுக்கு மூச்சு வாங்கும்.

கோலுக்கு முன்னால் நீ நின்ற ஸ்டாப்பர் இடத்தில் இப்போது தசரதன் நிற்கிறான். நல்ல உயரம். தலைக்கு வரும் பந்து ஒன்றையும் விடுவதில்லை. ஆனால் மரியாதை அதிகம். எதிராளி பந்தோடு வந்தால், பெண் பார்க்க வந்தவர்களுக்கு வழிவிடுவது மாதிரி ஒதுங்கி நிற்கிறான். அதோடு உன்னைப் போலவே ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், தன் இடத்தை விட்டுவிட்டு கோல் அடிக்க முன்னால் ஏறிவிடுகிறான்.

கோலில் நிற்கும் ஏழுமலை மாமாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். போன வருஷம் பைனலில் கடைசியாக ஒரு கோலை விட்டாரே, அன்றிலிருந்து நான் அவருக்கு வைத்த பெயர் ஓட்டைக் கை. முறைக்கு மாமன் என்பதால் கிண்டல் பண்ண உரிமை வேறு. என் மில்லுக்குச் சாமை அரைக்க வந்தால், மூட்டையையாவது பிடிப்பாயா, அதையும் நழுவ விடுவாயா என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே போவார். கோலி மாறினால்தான் கப்பு மலைக்கு வரும் என்பது ஞாயிற்றுக்கிழமை வரை என் அபிப்பிராயம்.

புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். ஜோசப் என்று பெயர், அமிர்திக்காரன். வயரிங் வேலைக்கு மலைக்கு வந்தவன் இங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். ரெண்டு காலிலும் அடிக்கிறான். நம் ஊரில் முதல் நாள் ஆடும்போது இடது, வலது என்று கத்தினான் பார், ஒருத்தரும் திரும்பவில்லை. அவன் குழம்பிப்போய் நின்றான். அப்புறம் உட்காரவைத்துச் சொன்னார்கள், இங்கே இடது வலது எல்லாம் கிடையாது, மைதானமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கோயில் பக்கக் கோடு மேடு, ஓடைப் பக்கக் கோடு பள்ளம், மேட்டில் விடு என்றால் மேட்டில் விட வேண்டும். பாதி ஆட்டத்தில் கோல் மாறினாலும் மேடு மாறாது. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

டோர்னமென்ட்டுக்கு முன்னால் ஒரு பழகும் ஆட்டம் ஆடலாம் என்று கீழே இறங்கினோம். நீ போன பிறகு நான் ஒடுகத்தூர் மைதானத்துக்குப் போவது இதுவே முதல் தடவை. எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்தேன். வாய் மட்டும் வரவில்லை. என்னத்தைக் கத்துவது? நான் ஆட்டம் பார்த்த காலமெல்லாம் கத்தியது ஒரே வார்த்தைதானே. ஏறாதண்ணா, ஏறாதண்ணா. நீ ஒருநாளும் கேட்டதில்லை. மாசியில் புளி உலுக்க நீ அந்த மரத்தில் ஏறி விழுந்தபோது நான் மில்லில் இருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கத்துவதற்கு அங்கே நான் இல்லை.

அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. தசரதன் மேடு என்று கத்தினால் முருகேசன் ஒரு பக்கம் ஓடுகிறான், ஜோசப் இன்னொரு பக்கம் ஓடுகிறான். பந்து நடுவில் அநாதையாகக் கிடக்கிறது. ஆளும் ஆளும் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். எதிர் டீமில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று சொல்ல மாட்டேன், உனக்குத் தூக்கம் வராது. எழுதிய பிறகுதான் யோசித்தேன், யாரிடம் இதைச் சொல்கிறேன் என்று.

ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் கேனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நின்று பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜோசப் கேட்டான்.

"மாமா, மேல மேடுன்னா கோயில் பக்கம், செரி. இங்க கிரவுண்டு தட்டையா கீது. இங்க இன்னா மேடு, இன்னா பள்ளம்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் கீழேயும் மேடு, பள்ளம் என்றுதான் கத்துவீர்கள். ஆட்டமும் ஒழுங்காகத்தான் நடக்கும். எப்படி நடந்தது?

ஏழுமலை மாமா நான் நிற்பதைக் கவனிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"கோவிந்தன் வெச்சதுடா அது. கீழ வந்தா, சாந்தி சத்தம் எந்தப் பக்கம் கேக்குதோ அதான் மேடு. திரும்பிப் பாக்கவே வேணாம். இன்னிக்கி அது வாயே தொறக்கல. மேடே இல்லாம ஆடிக்கினு இருந்தோம்."

பாட்டில் நிரம்பி வழிந்து என் காலெல்லாம் ஈரம். யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் தலைகுனிந்துகொண்டார்கள். முருகேசனுக்குத் தெரிந்திருக்கிறது, தசரதனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

உடனே என் மனசு எங்கே போனது தெரியுமா? போன வருஷம் பைனலுக்கு. பாதி ஆட்டத்துக்கு அப்புறம் வெயில் நேராக முகத்தில் அடித்தது. நான் எழுந்து எதிர்ப் பக்கம் புங்கமர நிழலுக்குப் போய்விட்டேன். நீ மைதானத்துக்குள் இருந்து என்னைப் பார்த்து, எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே என்று கையை ஆட்டினாய். எனக்குக் கோபம். ஊருக்கு முன்னால் பெண்பிள்ளையை அதட்டுகிறாயே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். நிழலில் உட்கார்ந்து முன்னைவிடப் பலமாகக் கத்தினேன். ஐயோ அண்ணா.

ஏழுமலை மாமாவைக் கேட்டேன், அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று. அவர் கையுறையைப் பைக்குள் திணித்தார். மறுபடியும் கேட்டேன்.

"வுடு சாந்தி. மேடு பழைய பக்கமே இருக்கட்டும்னு கோவிந்தன் சொல்லிட்டுத்தான் போனான். தலைக்குத் தெரிஞ்சுது. காலுக்குத் தெரியல. நான் மேட்ட அடைன்னு கத்தனேன், பேக் ஆடறவனுங்க ரெண்டு பேரும் உன் சத்தம் வர்ற பக்கமே போய்ட்டானுங்க."

அப்படியானால் ஒரு வருஷமாக நான் ஓட்டைக் கை, ஓட்டைக் கை என்று சொன்னபோதெல்லாம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"உங்கண்ணன் சொல்லக் கூடாதுன்னான். சொன்னா அவ ஆட்டம் பாக்க மாட்டா, பயந்துக்கினு ஒக்காந்திருப்பா, அவ நல்லா ஆட்டம் பாக்கட்டும்னான்."

கப்பு போயிற்று. ஊர் உன்னை ஒரு வாரம் திட்டியது. மாமன் ஒரு வருஷம் என் வாயில் விழுந்தார். நீயோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வேனில் மலையேறும்போது, வெயில் ஜாஸ்தியா என்று மட்டும் கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் அண்ணா அப்படிச் செய்தாய்? ஒரு தங்கச்சி ஆட்டம் பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

அண்ணியிடம் சொன்னேன். அவளுக்கும் தெரியுமாம். ஊரில் ஆடு மாடுகளுக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது. உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அண்ணி சாமை புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னா கோவம்? சித்திரையில நானும் வர்றேன். நீ கத்து. நான் கொடை புடிக்கிறேன்."

சொல்வது சுலபம். எனக்குத் தொண்டை என்று ஒன்று இருந்ததே உன்னைத் திட்டத்தான். நீ இல்லாத மைதானத்தில் யாரைப் பார்த்து, என்ன சொல்லிக் கத்துவேன்? இந்தப் பயம்தான் இத்தனை நாளாக வாயைக் கட்டிவைத்திருந்தது. டீம் நிற்பதும் கலைவதும் என் தொண்டையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பயம் ரெண்டு மடங்கானது. நீ சொல்லாமல் வைத்திருந்தது சரிதான் என்று அப்போது புரிந்தது.

இன்றைக்குக் காலையில் மில்லைப் பூட்டிவிட்டு நம் ஊர் மைதானத்துக்குப் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோயில் பக்கம் போய் நின்றேன். ஒருத்தரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு ஆடுவது தெரிந்தது. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து தசரதன் பந்தை எடுத்துக்கொண்டு, தன் இடத்தை அம்போவென்று விட்டுவிட்டு, முன்னால் ஓட ஆரம்பித்தான். அதே ஓட்டம், அதே அவசரம். என்னை அறியாமல் வந்துவிட்டது.

"ஏறாதண்ணா!"

தசரதன் என்னைவிடச் சின்னவன். அண்ணா என்று அவனை நான் எப்படிக் கூப்பிடுவேன்? மைதானமே நின்றுவிட்டது. தசரதன் அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு பந்தை முருகேசனுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி, உன் இடத்துக்கு ஓடிவந்து நின்றான்.

நீ ஒருநாளும் திரும்பியதில்லை, அண்ணா. அவன் திரும்பிவிட்டான்.

டோர்னமென்ட் அன்று நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காருவேன். வெயில் அடிக்கட்டும், மழை பெய்யட்டும், எழுந்திருக்க மாட்டேன். தொண்டை கிழிந்தாலும் சத்தம் நிற்காது. ஏழுமலை மாமாவை இனி ஓட்டைக் கை என்று சொல்ல மாட்டேன், கோல் விட்டாலும் சொல்ல மாட்டேன். ஜெயிப்போமா என்று என்னிடம் கேட்காதே, முருகேசன் தொப்பையைப் பார்த்தால் எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடு எது என்று நம் ஆட்கள் ஒருத்தரும் தேட வேண்டியிருக்காது. அது என் பொறுப்பு.

அண்ணியின் குடைக்குக் கீழே, மேட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி
சாந்தி