கைதட்டிய குற்றம்

16.1.1979, செவ்வாய்

காணும் பொங்கல் சடுகுடுவில் எங்கள் பாடாலூர் வேப்பந்தட்டையிடம் தோற்றது. அதுகூடப் பரவாயில்லை. கடைசியாகப் பாடி வந்து எங்கள் ஆட்கள் மூவரைத் தொட்டுவிட்டு ஓடியவன் என் மனைவி செல்வியின் தம்பி. ஊரே வாயடைத்து நிற்க, அவள் மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள்.

"வாத்தியாருக்கு வூட்டுலயே எதிர்க்கட்சி" என்று என் மூத்த அண்ணன் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் செல்வியைப் பார்த்து "ட்ரீசன்" என்றேன்.

சோறு போடும்போது கேட்டாள். "அங்க என்னமோ இங்கிலீசுல திட்டுனீங்களே, என்னங்க அது?"

"சொந்த நாட்டுக்கே துரோகம் பண்றது."

அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு ஒப்படைப்பது என்றுதான் பொருள், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, நாட்டை எதிரி கையில் கொடுக்கும் துரோகமாகிவிட்டது என்று அகராதியைப் பிரித்து விளக்கினேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நான் யாரையும் ஒப்படைக்கலீங்க. எங்கப்பாதான் என்னைய உங்க கையில புடிச்சுக் குடுத்தாரு. அந்த வார்த்தைய அவருகிட்ட போய்ச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அகராதியை மூடி வைத்தேன். தாலி கட்டிய அன்றே அவள் ஊர் பாடாலூர் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் அந்தப் பயல் ஆட வருவான். அவள் பக்கத்தில் நின்று நானும் கைதட்டலாம் என்றிருக்கிறேன். அண்ணன்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலேயே திட்டுவார்கள். திட்டட்டும்.