உறை கழற்றிய ஃபிரிஜ்

இஞ்சருங்கோ,

பத்து மணிக்குக் கொம்பனி ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குளிராமல் கிடந்த ஃபிரிஜ் நேற்றே சரி; இரவு பிந்தி வந்து படுத்த நீங்கள் கவனிக்கவில்லை. நேற்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு, கொட்டாஞ்சேனையில் ஃபிரிஜ் திருத்துகிற நோபேட் என்பவரைக் கூப்பிட்டேன். "இவ்வளவு விலையான சாமானில கொம்பனிக்காரனைத் தவிர ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று நீங்கள் கத்தியதை நான் மறக்கவில்லை.

அவர் ஓர் ஆணியும் கழற்றவில்லை. பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, வந்த பொலித்தீன் அப்படியே இருக்குதே. சூடு எங்க போறது?"

கனடா விசா வந்ததும் புதிதாகவே விற்கலாமென்று நீங்கள் கழற்ற விடாத உறை. மூன்று வருடமாகிறது. முழுவதையும் உரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கதவை நேற்றுத்தான் முதன்முதலாகக் கையால் தொட்டேன். நல்ல வழுவழுப்பு.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேல்தட்டில். கொம்பனி ஆளுக்காக எடுத்த லீவுதானே, சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

சரோ

ஆமிக்காரர் வீடு செக்கிங் வந்தால், நாங்கள் இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு ஃபிரிஜ்ஜுக்கு மேலே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் சோபாவின் பொலித்தீனையும் கழற்றப் போகிறேன். நீங்கள் மற்றப் பக்கத்தைப் பிடியுங்கள்.