தனகோடி கொண்டுவந்த துப்பாக்கி

ஜனவரி 19, சனி

கடும் பனி. எட்டு மணி வரை எதிர்வீடே தெரியவில்லை. பட்டறைக் கதவின் கீல் இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட வேண்டும்.

இன்றைய வேலை: பாகூர் மிராசுதாரின் இரட்டைக் குழல் துப்பாக்கி (ஏற்கெனவே பத்து நாள் தாமதம்). மனைவி மைமூனுக்குப் பல்வலி, கிராம்புத் தைலம். விளக்குத் திரி.

பதினோரு மணிக்கு வாசலில் மாட்டு வண்டி. காட்டேரிக்குப்பம் கோவிந்தசாமி. மகன் தனகோடி இறந்த பிறகு அவன் ஊரைவிட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை. நாற்பது நாளில் தாடி முழுக்க வெள்ளை. நானும் அவனும் ஒரே கப்பலில் பிரான்சுக்குச் சண்டைக்குப் போனவர்கள். நான் துப்பாக்கி பழுதுபார்க்கும் கொட்டகையில் இருந்தேன். அவன் முன்வரிசையில். இடது கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு வந்தான்.

ஒற்றைக் கையால் நீளமான சாக்கு மூட்டை ஒன்றை அணைத்தபடி இறங்கினான். மேசைமேல் வைத்துப் பிரித்தான். துரு ஏறிய பழைய பட்டாளத் துப்பாக்கி, ஒற்றைத் தோட்டா போடுவது.

எனக்கு அந்தச் சாக்கையும் தெரியும், துப்பாக்கியையும் தெரியும்.

கரும்புக் கொட்டகையில் பரண்மேல் இருந்ததாம். புதுச்சேரியில் பழைய ஆயுதங்களை ஏலம் விட்டபோது தனகோடி மலிவாக எடுத்திருக்கிறான், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கோவிந்தசாமியின் மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு, பையன் நன்றாக ஏமாந்திருக்கிறான் என்று நாலு பேர் எதிரில் சிரித்தானாம்.

"நீ பிரிச்சிப் பாரு பாய். இத வச்சி ஒரு நல்ல துப்பாக்கி செய்ய முடியுமா முடியாதா? எம்புள்ள ஏமாந்துட்டானா, இல்ல பாத்துத்தான் வாங்கினானா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

ஒரு வாரம் கொடு என்றேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்தால் மைமூன் மேசை பக்கத்தில் நிற்கிறாள், சாக்கைப் பார்த்துக்கொண்டு.

ஜனவரி 20, ஞாயிறு

பனி இல்லை. பட்டறை மூடல். சாக்கு அப்படியே இருக்கிறது.

எழுதிவிடுவது நல்லது. இந்த நோட்டை நான் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தனகோடி இதே சாக்கோடு இங்கே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. இருபத்திரண்டு வயது, அப்பனைப் போலவே அகலமான தோள். மிராசுதாரின் ஆள் வேறொரு வேலை தாமதமானதற்கு வந்து கத்திவிட்டுப் போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்காது. நான் எரிச்சலில் இருந்தேன். சாக்கை ஒரு பக்கம் விலக்கிப் பார்த்தேன். துரு, கரையான் தின்ற கட்டை. கையில்கூட எடுக்கவில்லை. ஏமாந்துட்ட தம்பி, இரும்புக் கடைல போடு என்றேன்.

"சரி மாமா" என்றான். முகம் சிறுத்துவிட்டது. மைமூன் சுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தான். மழை விடட்டும் என்று சொன்னாள். பரவாயில்லை என்று போய்விட்டான்.

கார்த்திகை கடைசியில் அது நடந்தது. விடிகிற நேரம், கரும்புக்குள் காட்டுப்பன்றி. தகரம் தட்டிக்கொண்டு உள்ளே போனவன், கையில் ஒரு வேல்கம்பு. தொடையைக் கிழித்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டான்.

நோன்போடு நானும் சாவு எடுக்கப் போனேன். கோவிந்தசாமி என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஜனவரி 21, திங்கள்

பனி. துப்பாக்கியைப் பிரித்தேன்.

முதலில் கட்டை. கரையான், உதவாது. ஆனால் கட்டையை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அது கணக்கில் இல்லை.

விசை: கனம். வில் சோர்ந்திருக்கிறது. வேறு வில் என்னிடமே இருக்கிறது.

குறிமுள்: வளைந்திருக்கிறது. நிமிர்த்தலாம்.

தோட்டா போட்டு அடைக்கும் பாகத்தை நாங்கள் பட்டாளத்தில் குலாஸ் என்போம். அது துருவில் ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். விரிசல் இருந்தால் அங்கேதான் இருக்கும். இருந்தால் இந்தத் துப்பாக்கி எதற்கும் ஆகாது.

உண்மையை எழுதுகிறேன். விரிசல் இருக்க வேண்டும் என்றுதான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தால், ஐப்பசியில் நான் சொன்னது பார்க்காமல் சொன்னதென்றாலும் சரியாகிவிடும்.

கிராம்புத் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

குலாஸ் கழன்றது. சாம்பல் போட்டுத் துடைத்து, வெயிலில் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தேன். விரிசல் இல்லை. தேய்மானம்கூட அதிகம் இல்லை. அதிகம் சுடாத துப்பாக்கி. எங்கோ கிடங்கில் கிடந்தே கிழடாகியிருக்கிறது.

குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுத்தேன். முதல் துணி கறுப்பு, இரண்டாவது பழுப்பு, ஐந்தாவது வெள்ளையாக வந்தது. வானத்தைப் பார்த்துப் பிடித்து உள்ளே பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. குண்டைச் சுழற்றிவிடும் உட்புரியின் விளிம்பு மழுங்கவில்லை. யாரோ வைக்கும்போது உள்ளே நன்றாகக் கொழுப்பு தடவி வைத்திருக்கிறார்கள். துரு எல்லாம் வெளியேதான்.

இத்தனைக்கும் ஒரு மணி நேரம். அன்றைக்கு ஒரு மணி நேரம் செலவழித்திருக்கலாம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. மைமூன் பல்வலியோடு மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடாததற்குக் கோபம்.

ஜனவரி 23, புதன்

நல்ல வெயில். குறிமுள்ளை நிமிர்த்தி, வேறு வில் போட்டு, பட்டறையில் கிடந்த பழைய கட்டை ஒன்றில் பூட்டினேன். ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, சுட்டுப் பார்க்க ஏரிக்கரைக்குப் பின்னால் செம்மண் பள்ளத்துக்குப் போனேன். தெரியாத துப்பாக்கி என்பதால் மரத்தில் கட்டி, தூர நின்று கயிற்றால் விசையை இழுத்தேன். இரண்டு தோட்டா. ஒன்றும் ஆகவில்லை. பிறகு தோளில் வைத்து மூன்று. எண்பது அடியில் அட்டையில் மூன்று ஓட்டை, என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். புதுசா என்றார். பழசு என்றேன். நல்லா சுடுது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மைமூன் கேட்டாள்.

"நல்லா இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப அந்தப் புள்ள சரியாத்தான் வாங்கியிருக்கான்."

ஜனவரி 24, வியாழன்

மிராசுதாரின் இரட்டைக் குழலை முடித்துக் கொடுத்தேன். பரவாயில்லை என்று சொல்லச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

தனகோடி அந்தத் துப்பாக்கியைத் தனக்காகக் கொண்டுவரவில்லை. ஒற்றைக் கைக்காரர் சுடுகிற மாதிரி இதை மாற்ற முடியுமா என்று கேட்டான். முன்பக்கக் கட்டையைக் குறைத்து, அடியில் தோலால் ஒரு கிண்ணம் மாதிரி வைத்தால், மிச்சமிருக்கும் இடது கை அதில் உட்காருமே என்றான். ஈரத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

"அப்பா பட்டாளத்துல நல்லா சுடுவாராமே மாமா. பன்னி வெரட்ட நான் உள்ள போறப்ப எல்லாம் வரப்புல குந்திக்கினு பாத்துக்கினே இருக்காரு. அவரால தாங்க முடியல."

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் இரும்புக் கடையில் போடச் சொன்னேன்.

இன்று துப்பாக்கியை விரல்மேல் நிறுத்தி எடை பார்த்தேன். முன்பாரம் அதிகம். ஆனால் முன்கட்டையில் பாதியையும், கத்தி மாட்டும் இரும்பையும் எடுத்துவிட்டால் பாரம் பின்னால் வந்துவிடும். தோல் கிண்ணம் நிற்கும். விசை இலேசாக இருந்தால் போதும். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் செய்ய முடியும். இதைவிடத் தோதான துப்பாக்கி இந்த விலைக்குக் கிடைக்காது. எனக்கே கிடைத்திருக்காது.

ஜனவரி 25, வெள்ளி

தொழுகைக்குப் போய்வந்தேன். தைலம் வாங்கியாயிற்று.

கடையில் இரண்டு பேர் பேச்சு. ஒருவன்: "காட்டேரிக்குப்பத்துல இன்னும் அந்தப் பன்னி சுத்துதாம்." மற்றவன்: "ஒண்டிக் கைய வச்சிக்கினு அந்த மனுஷன் இன்னா பண்ணுவான்?" புகையிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாளை அவன் வருவான். துப்பாக்கி நல்லது, பையன் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம் என்று மைமூனிடம் சொன்னேன். பல்லில் பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்வளவு நல்ல துப்பாக்கின்னா ஏன் உங்ககிட்ட எடுத்துக்கினு வரலன்னு கேப்பாரு. அப்ப இன்னா சொல்லப் போறீங்க?"

வரவில்லை என்று சொல்லலாம். சாட்சி இல்லை. மைமூன் சொல்ல மாட்டாள்.

கெட்டது என்றும் சொல்லிவிடலாம். அப்படியென்றால் எதையும் கேட்க மாட்டான். தனகோடி ஏமாந்தவன் ஆகிவிடுவான், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 26, சனி

மேகமூட்டம். பத்து மணிக்கு வந்தான். துப்பாக்கி துடைத்து மேசைமேல் இருந்தது. சுட்ட அட்டையைக் காட்டினேன். மூன்று ஓட்டைமேலும் விரல் வைத்து வைத்துப் பார்த்தான். குலாஸ், குழல், எல்லாம் விளக்கினேன். இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாலும் ஏலக் குவியலில் இதைவிட நல்லதை நான்கூட எடுத்திருக்க மாட்டேன் என்றேன்.

அழுதான். சத்தம் இல்லாமல், சிரிப்பும் கூட இருந்தது. ஊரில் போய் மைத்துனனிடம் சொல்ல வேண்டும் என்றான். தனகோடியின் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றான்.

அங்கேயே விட்டிருக்கலாம். அவன் எதையும் கேட்கவில்லை. மைமூன் நினைத்த கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. எழுந்துவிட்டான், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டான்.

கோவிந்து என்று நான்தான் கூப்பிட்டேன்.

நான் சொன்னதை நின்றபடியே கேட்டான். மழை, சாக்கு, நான் கையில் எடுக்காதது, இரும்புக் கடை என்றது, தோல் கிண்ணம், எல்லாம். தரையில் போட்ட கோட்டையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. முடித்ததும் கேட்டான்.

"எனக்காகவா கேட்டான்?"

"உனக்காகத்தான்."

"நீ இல்லன்னதுக்கு இன்னா சொன்னான்?"

"சரி மாமான்னான்."

துப்பாக்கியை எடுக்காமலே போய்விட்டான். வண்டியில் ஏறக் கை கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. சக்கரத்தைப் பிடித்துத் தானே ஏறினான்.

ஜனவரி 29, செவ்வாய்

மழைத் தூறல், காலமில்லாத காலத்தில். வேலை: ஒரு பூட்டு, ஒரு தராசு.

துப்பாக்கியை எண்ணெய் தடவி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிறது.

மைமூனுக்குப் பல் தேவலை. நீங்கள் சொன்னது நல்லதுதான் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு சந்தோஷமாவது மிச்சம். என் பாரத்தை இறக்கி அவன் தலையில் வைத்துவிட்டேனோ. பதினாறு வருடப் பழக்கம். கை போன அன்று கட்டுப்போடும் இடத்தில் போய்ப் பார்த்தேன், என் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் கேட்டான்.

பிப்ரவரி 2, சனி

அந்தப் பக்கத்து வண்டிக்காரர் சொன்னது: காட்டேரிக்குப்பத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதாம். கோவிந்தசாமி வயலில் மட்டும் இன்னும் ஆள் இறங்கவில்லை. பன்றி கடைசிப் பாத்தியில்தான் ஒதுங்கும், துப்பாக்கி இல்லாமல் வெட்ட மாட்டோம் என்கிறார்களாம். அவன் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறானாம்.

போய்ப் பார்க்கலாமா என்று மைமூன் கேட்டாள். எந்த முகத்தோடு போவது?

பிப்ரவரி 5, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. மிராசுதாரின் ஆள் என்று நினைத்தேன்.

கோவிந்தசாமி. உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். மைமூன் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தான்.

தனகோடி ஏமாறவில்லை என்பதை வீட்டில் சொல்லிவிட்டானாம். தனக்காகத்தான் வாங்கினான் என்பதையும். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டானாம்.

"உங்கிட்ட வந்தத மட்டும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உனக்காவ இல்ல. அவன் அம்மாவுக்கு இதுக்கு மேல தாங்காது."

சரி என்றேன்.

"உம்மேல எனக்குக் கோவம் கீது பாய். எப்ப போவும்னு தெரியல. போவாதுன்னுதான் நெனைக்கிறேன்."

அதற்கும் சரி என்றேன்.

மூலையில் நின்ற துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு தோள் துண்டை எடுத்துவிட்டு, சட்டைக் கையைப் பல்லால் இழுத்து மேலே ஏற்றினான். முடிந்துபோன கையை மேசைமேல், சுத்தியலுக்கும் அரத்துக்கும் நடுவில் வைத்தான்.

"எம்புள்ள கேட்ட மாரியே செய்யணும். அளந்துக்கோ."

நூலை எடுத்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கையை நான் தொட்டதில்லை. நுனித் தோல் குழந்தையின் கன்னம் மாதிரி மெல்லிசாக இருந்தது. முதல் தடவை அளந்தது தப்பு. இரண்டாவதும் தப்பு, நூல் நழுவிவிட்டது. மூன்றாவது தடவை நூலின் ஒரு முனையை அவனே தன் வலது கையால் பிடித்துக்கொண்டான்.