அழுகையை அழித்த காசெட்

அண்ணி,

போன வாரம் நெரவி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண். போனை வாயோடு ஒட்டி, மறு கையால் மறைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு யாருக்கோ பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல டிக்கெட்டைப் பர்ஸில் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் மேல் இல்லை. அந்த ஒரு கை மறைப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான்.

நீங்கள் தருமபுரத்து வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் நீல ஏரோகிராம்தான். "விசா பேப்பர் வந்ததும் அழைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பாரிசுக்குத் திரும்பியிருந்தார். மத்தியானம் வீடு அடங்கியதும் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவீர்கள். மடித்து ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும். அம்மாவுக்கு அதில் புகைச்சல். "இம்மாம் நேரம் என்னத்த எழுதுவா?" என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கென்ன தெரியும்?

அடுத்த லீவில் அண்ணன் டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தார். "எழுதிக்கிட்டு கெடக்காதீங்க, பேசி அனுப்புங்க. குரலக் கேட்டா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்" என்றார். உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அதற்குப் போடப் பின்னல் உறைகூடப் பின்னினீர்கள்.

மெஷினை அப்பா எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா அவர், அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். யாராவது பாரிசுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் கூடத்தில் முக்காலி போட்டு எல்லாரும் சுற்றி உட்கார வேண்டும். முதலில் அப்பா, பிறகு அம்மா, சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர்கள், நான். காசெட் தீரப்போகும் நேரத்தில் கடைசியாக நீங்கள். மாமனார் முட்டி உரசுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு புருஷனிடம் பேச வேண்டும். "நல்லா இருக்கேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க." அவ்வளவுதான்.

அதே காசெட்டில் அண்ணன் பதில் பேசி அனுப்புவார். அதைக் கேட்கத் தெருவே வரும். ஒரு தடவை, "ஒன் ஞாபகமாவே இருக்கு" என்று உங்களைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். எதிர்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் எழுந்து உள்ளே ஓடினீர்கள். யாரோ இதை அவர் காதில் போட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் அப்படிப் பேசவே இல்லை.

ஏரோகிராமும் நின்றது. "அதான் வாய் நெறைய பேசியாச்சே, தனியா என்ன காயிதம்? நமக்குத் தெரியக் கூடாத சேதியா?" என்று அம்மா கேட்ட பிறகு நீங்கள் பேனாவைத் தொடவில்லை. தபாலாபீஸ் டிரங்க்காலோ இன்னும் மோசம். கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே நிற்கிற கூட்டத்துக்கும் கேட்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? காசெட்டில் அழக் கூடாது. "கடல் தாண்டிப் போற சாமான்ல அழுகை இருக்கக் கூடாது. அவன் அங்க தனியா கெடக்கான்" என்பார் அப்பா. யாருக்காவது தொண்டை கம்மினால் உடனே நிறுத்தி, பின்னால் சுற்றி, அழித்துவிட்டுத் திரும்பப் பேசச் சொல்வார். அம்மாவுக்கே பல தடவை நடந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த குரலில் மறுபடி பேசுவார்கள்.

ஒரு முறை உங்கள் வாய்க்கு வந்தது வேறு. "எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்குங்க. ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்றீர்கள். அடுத்த வார்த்தை வரவில்லை, அழுதுவிட்டீர்கள். மார்பில் கட்டி என்று மாமனார் முன்னால் எப்படிச் சொல்வது? அப்பா பொத்தானை அமுக்கினார். "அழிச்சுட்டேன். நல்லபடியா பேசும்மா." நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், மெஷினைப் பார்த்தீர்கள். பிறகு, "நல்லா இருக்கேன். இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றீர்கள். அடுப்படிக்கு வந்து, "என்ன அண்ணி ஒடம்புக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல புள்ள, அசதி" என்று சொல்லி அரிசி களைந்தீர்கள்.

கொடியில் துணி போடக் கை எழும்பாதபோதுதான் என்னிடம் கட்டியைக் காட்டினீர்கள். நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்தார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அண்ணனுக்குத் தந்தி கொடுத்தோம். அவர் வந்து சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள், உங்களை எடுத்தும் விட்டார்கள்.

வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை. பையிலிருந்து அந்தக் காசெட்டை எடுத்து, உங்கள் பின்னல் உறையைத் தள்ளிவிட்டு, எல்லார் முன்னாலும் போட்டார். நான் பேசியது முடிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் உங்கள் குரல். "நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கேன்னுதானே சொல்றா? இத நம்பித்தானே நான் அங்க இருந்தேன்" என்றார் அண்ணன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த டக்குக்கு முன்னாடி வேற சொன்னாங்கண்ணே. வந்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க. அப்பா அழிச்சுட்டாரு" என்று கத்தினேன். அப்பா தலை நிமிரவில்லை. "அழுதா அழிக்கறதுதானே... எல்லாருக்கும் செஞ்சதுதானே" என்று முனகினார். அண்ணன் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே சுற்றிச் சுற்றிப் போட்டார். டக். டக். அங்கே ஒன்றும் இல்லை, அண்ணி. போகும்போது காசெட்டை எடுத்துப் போனார். அப்பா சாகும்வரை அண்ணன் அவரோடு பேசவில்லை.

இப்போது என் மகளும் கடல் தாண்டித்தான் வாழ்கிறாள். போனில் முகமே தெரிகிறது. "நல்லா இருக்கேம்மா" என்று சிரிக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவளுக்குப் பின்னால் தெரியும் சோபாவைப் பார்க்கிறேன், கதவைப் பார்க்கிறேன். "பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்கிறேன். "என்னம்மா, எப்பப் பாத்தாலும் இதையே கேக்குற" என்று சலித்துக்கொள்கிறாள். சலித்துக்கொள்ளட்டும்.

"வெளிய வா. வந்து, இன்னொரு தடவ சொல்லு" என்கிறேன்.