அந்தரங்கத்துக்கு ஒரு சாட்சி

அனுப்புநர்:
இரா. தளவாய் (வயது 61),
ஓய்வு பெற்ற தாலுகா செய்தியாளர்,
ஆற்றங்கரைத் தெரு, ஸ்ரீவைகுண்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: சதைப் பரிசோதனை (பயாப்சி) அறிக்கை – ஊரார் வாசித்து முடித்துவிட்ட நிலையில் நோயாளிக்கும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவமனையின் அந்தரங்கப் பாதுகாப்புப் படிவம், நாள் 09.06.2025. 2. எனது எழுத்து மூலக் கோரிக்கை, நாள் 16.06.2025.

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

1. இம்மனுவில் மருத்துவமனையின் பெயர் இல்லை. தூத்துக்குடியில் துறைமுகம் போகும் சாலையை ஒட்டிய தனியார் மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரும் முகவரியும் அரக்கு வைத்த உறையில் தனியே உள்ளன. ஒரு நிறுவனத்தைப் பற்றிய தகவலை அதற்குத் தொடர்பில்லாதவர்கள் படிக்கும்படி திறந்து வைப்பது முறையல்ல என்று கருதுகிறேன். என் மனைவியின் பெயரும் அதே உறையில் இருக்கிறது. அவர் உடம்பில் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் நான் எழுதவில்லை. இம்மனுவை எழுத அனுமதித்தபோது அவர் விதித்த ஒரே நிபந்தனை அது. விசாரணைக்கு அவ்விவரம் தேவைப்பட்டால் ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிறுத்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2. என் மனைவிக்கு வயது 54. அங்கன்வாடிப் பணியாளர். கடந்த மே மாதக் கடைசியில் கட்டியைக் கவனித்தார். முடிவு தெரியும்வரை தனக்கும் எனக்கும் மருத்துவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் சரண்யாதேவிக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரார் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் திருநெல்வேலிக்குப் போவார்கள் என்பதால் நாங்கள் தூத்துக்குடிக்குப் போனோம். முப்பத்தோரு ஆண்டுகள் செய்தி சேகரித்தவன் நான். கைக்கு வந்த செய்தியை வெளியிடாமல் வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் வைத்திருந்தேன்.

3. 09.06.2025 அன்று சதை எடுப்பதற்கு முன் ‘அந்தரங்கப் பாதுகாப்புப் படிவம்’ என்ற இரண்டு பக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். பதிவுப் பிரிவில் கண்ணாடித் தடுப்பு உண்டு. தடுப்புக்கு உள்ளே இருப்பவர் மைக்கில் பேசுவார். கூடத்தில் நான்கு ஒலிபெருக்கிகள். ஐந்தாவது வாசலில், துறைமுக லாரிகள் நிற்கும் டீக்கடையைப் பார்த்து இருக்கிறது. படிவத்தை நோயாளிக்கு முழுதும் வாசித்துக் காட்டியாக வேண்டும் என்பது விதி. பணியில் இருந்த திருமதி சண்முகசுந்தரி அதைத் திருத்தமாக வாசித்தார். “நோயாளியின் நோய் விவரங்கள் மூன்றாம் நபர் எவருக்கும் தெரிவிக்கப்பட மாட்டாது” என்ற வரி சாலைக்கு மறுபுறம்வரை கேட்டது. பிறகு கட்டங்களை நிரப்பினார். அப்போது அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “அம்மா, கட்டி எங்கன இருக்கு, எத்தன நாளா இருக்கு? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.” இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் என் மனைவி. சத்தமாகச் சொன்னார்.

4. படிவத்தின் முடிவில் சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. சாட்சி நோயாளிக்கு உறவினராக இருக்கக் கூடாது; ஆனால் நோயாளியை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதிகளும் ஒருங்கே உள்ளவர்களை எங்கள் பக்கத்தில் அக்கம்பக்கத்தார் என்போம். யாருக்குத் தெரியக் கூடாது என்று தூத்துக்குடிவரை போனோமோ அவர்களில் ஒருவரைத்தான் படிவம் கேட்டது. நான் கணவன் என்பதால் தள்ளப்பட்டேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: “ஸ்ரீவைகுண்டத்துக்காரங்க யாராவது இருக்கீங்களா? அந்தரங்கப் படிவத்துக்கு ஒரு சாட்சி வேணும்.” எங்களுக்கு அடுத்த தெருவைச் சேர்ந்த திருமதி செல்லக்கிளி முழங்கால் வலிக்காக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வலியைப் பொருட்படுத்தாமல் விரைந்து எழுந்து வந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையே சொன்னதால் இரண்டு பக்கங்களையும் படித்தார். இரண்டு சந்தேகங்கள் கேட்டுத் தெளிந்தார். கையெழுத்திட்டுத் தமது கைப்பேசி எண்ணையும் எழுதினார்.

5. சதை எடுத்து முடிந்து நாங்கள் வாசலுக்கு வந்தபோது, டீக்கடையில் நின்ற முன்பின் அறியாத லாரி ஓட்டுநர் ஒருவர், “தைரியமா இருங்கம்மா” என்றார். ஏரல் வழிப் பேருந்தில் 1.40-க்கு ஏறி 3.15-க்கு ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். நிறுத்தத்தில் ஆட்டோவோடு நின்ற திரு. சுந்தர்சிங், “அண்ணாச்சி, இந்த நெலமையில மதினிய நடக்க விடாதீய. ஏத்துங்க வண்டியில” என்றார். என் பணிக்காலத்தில் தூத்துக்குடிச் செய்தி எதுவும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பேருந்தை முந்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த வகையில் மருத்துவமனையின் திறமையை மனமாரப் பாராட்டுகிறேன்.

6. திருமதி செல்லக்கிளி மீது எனக்குப் புகார் இல்லை. நான் விசாரித்தபோது அவர் கூறியது: “நான் யார்ட்டயும் சொல்லல அண்ணாச்சி. சாட்சிக் கையெழுத்து போடப் போயிட்டேன், வர நேரமாகும்னு மருமவ கிட்ட போன்ல சொன்னேன். எதுக்குச் சாட்சின்னு கேட்டா. சாட்சி போட்டவ பொய் சொல்லலாமா?”

7. 14.06.2025 சனிக்கிழமை மாலை அறிக்கை தயாரானது. படிவத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு நேர் கீழே ‘தகவல் பெறத் தகுதியுடையவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. திருமதி செல்லக்கிளியின் எண் அதில் விழுந்திருக்கிறது. ஆகவே அறிக்கை அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போனது. அந்தரங்கத்தைக் கருதி, ஒரே ஒரு முறை மட்டும் திறக்கும் இணைப்பாக அதை அனுப்பியிருந்தார்கள். அவர் அதைத் தமது முழங்கால் ஸ்கேன் என்று எண்ணி, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் திரு. முத்துக்குமரனிடம் கொண்டுபோனார். திரு. முத்துக்குமரன், “செல்லக்கிளியக்கா, இது ஒங்க முட்டு இல்ல” என்று சொன்னதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டதாகக் கூறுகிறார். கடையில் நின்ற நால்வர், அவர் கடைசி வரிவரை வாசித்ததாகக் கூறுகிறார்கள். பத்தாவது நிமிடம் இணைப்பு தானாகப் பூட்டிக்கொண்டது. கேட்டவர்களில் ஒருவர் ஒன்றுமில்லை என்கிறார். ஒருவர் ஆரம்பநிலை என்கிறார். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் பேச்சை மாற்றுகிறார்கள். எது சரி என்று எங்களுக்குத் தெரியாது.

8. மறுநாள் ஞாயிறு காலை 7.20-க்கு முதல் விசாரிப்பு வந்தது. எதிர்வீட்டுத் திருமதி சீனித்தாய் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நேரே அடுக்களைக்குள் வந்து என் மனைவியிடம் சொன்னது: “ஏளா, பயப்படாத. இப்பம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. முடி கொட்டத்தான் செய்யும். பொறவு கருகருன்னு வளந்துரும்.” பரிசோதனை முடிவு குறித்து என் மனைவிக்குக் கிடைத்த முதல் அறிவிப்பு இதுதான். அப்போது அவர் கையில் தோசைக் கரண்டி இருந்தது. தோசை கருகி, நான் போய் அடுப்பை அணைக்கும்வரை அப்படியே நின்றார்.

இன்றுவரை இருபத்தேழு பேர் விசாரிக்க வந்துள்ளனர். பழைய பழக்கத்தில், ஒவ்வொருவருக்கும் செய்தி எப்படி வந்தது என்று கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாமே மருந்துக்கடை வழியாகவோ செல்லக்கிளி வழியாகவோ அந்தக் கண்ணாடித் தடுப்பில் போய் முடிகின்றன. பதினொரு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சான்றுப் பொருள்களாகத் திறக்கப்படாமல் உள்ளன. குலசேகரன்பட்டினத்தில் இருக்கும் என் மைத்துனர் பேச்சிமுத்து, அக்காவுக்காக இந்தத் தசராவுக்குக் காளி வேடம் போடுவதாக நேர்ந்துகொண்டு தொலைபேசியில் அழுதார். நோய் உறுதியாகாத நிலையில் நேர்த்திக்கடன் உறுதியாகிவிட்டது. மகளுக்கும் அவர் மூலமே தெரிந்தது. “ஏம்மா எங்கிட்ட மட்டும் சொல்லல?” என்று அவள் தொலைபேசியில் தாயைக் கேட்டாள். அங்கன்வாடியில் ஒரு தாய், ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தம் குழந்தைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். அந்தக் குழந்தை அதை டீச்சருக்கும் ஊட்ட வருகிறது.

9. 16.06.2025 அன்று அறிக்கை கேட்டு மருத்துவமனைக்கு நேரில் போனோம். என் மனைவி ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேலாளர் திரு. ஜெயசிங் கணினியைப் பார்த்துவிட்டு, “மன்னிக்கணும். பேஷண்ட் விவரத்த வெளியாளுக்குக் குடுக்க முடியாது. பிரைவசி இருக்குல்லா” என்றார். ‘வெளியாள்’ என்ற சொல்லை என் மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். எழுத்து மூலம் கேட்டேன், முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டார்கள். கேட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. இன்று ஏழாவது நாள். நோயாளிகளின் உரிமைச் சாசனம் அதே கூடத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஒலிபெருக்கிக்குச் சற்று மேலே.

10. 20.06.2025 அன்று திருமதி செல்லக்கிளியையும் அழைத்துக்கொண்டு போனோம். முழங்கால் வலியோடு அவரே முன்வந்து வந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். தகவல் பெறத் தகுதியுடையவரை மாற்ற வேண்டுமானால் புதிய படிவம் போட வேண்டும், அதை மறுபடியும் வாசிக்க வேண்டும், முதல் சாட்சி இப்போது சம்பந்தப்பட்டவர் ஆகிவிட்டதால் வேறு ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். மைக்கை இயக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் ஓடிய என்னிடம் அவர் சொன்னது: “நோய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு சாட்சி எனக்கு வேண்டாம்.” அதன் பிறகு அந்த மருத்துவமனைப் பக்கம் வர மறுக்கிறார்.

11. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் 26.06.2025 வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையும் எடுத்த சதைத் துணுக்கும் வந்தால்தான் அன்று சிகிச்சையை முடிவு செய்ய முடியும். இல்லையென்றால் மறுபடி சதை எடுத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். மறுபடி என்ற சொல்லைக் கேட்டாலே என் மனைவி எழுந்துவிடுகிறார். கட்டி காத்திருக்குமா என்பதை அறிந்தவர்கள் மருந்துக்கடையில் நின்ற அந்த நால்வர் மட்டுமே.

12. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து:

(அ) என் மனைவியின் உடம்பு தொடர்பான தகவல்களைப் பொறுத்தவரை அவரையும் பொதுமக்களில் ஒருவராகக் கருதி, அறிக்கையையும் சதைத் துணுக்கையும் வியாழனுக்கு முன் மூடிய உறையில் அவர் கையில் சேர்ப்பிக்க ஆணையிட வேண்டுகிறேன்.

(ஆ) அந்தரங்கப் படிவத்துக்குச் சாட்சி கேட்பதை நிறுத்தச் சொல்ல வேண்டுகிறேன். அது உடனே இயலாது எனில், சாட்சி குறைந்தபட்சம் மூன்று மாவட்டங்களுக்கு அப்பாலிருந்து வர வேண்டும் என்றாவது திருத்தலாம்.

(இ) மைக்கை வாசலில் வழிமறித்து நிற்கும் வண்டிகளின் எண்ணை அறிவிக்க மட்டும் பயன்படுத்தச் சொல்ல வேண்டுகிறேன். திருமதி சண்முகசுந்தரி மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவர் விதியைத்தான் வாசித்தார். விதியை எழுதியவர் யார் என்று கேட்டேன்; அது ரகசியம் என்றார்கள்.

உறை வந்தால் என் மனைவி அறைக்குள் தனியாகப் பிரித்துப் பார்க்கட்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், வாசித்து விளக்கத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மருத்துவரை அனுப்பினால் நன்றியுடையவனாவேன். நான் வெளியே நிற்கச் சம்மதிக்கிறேன். அவராகச் சொல்லும்வரை என்ன எழுதியிருந்தது என்று கேட்க மாட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

இடம்: ஸ்ரீவைகுண்டம்
நாள்: 23.06.2025

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்,
(ஒப்பம்) இரா. தளவாய்

இணைப்பு: அரக்கு உறை – 1, 16.06.2025 கோரிக்கையின் நகல் – 1. விசாரிக்க வந்தோர் பட்டியல் – 3 பக்கங்கள்.

சாட்சி: வேண்டாம்.