மந்திச் சோற்றுக்கு முன்னால் சொன்ன பொய்

வாகரை,
செவ்வாய்க்கிழமை.

என் மகன் ஜெயந்தனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி கம்சாயினி எழுதும் கடிதம். நானும் அவளும் உடம்பளவில் சுகம். டோகா வெயிலுக்குள் கட்டட வேலையில் நிற்கும் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று கண்ணகை அம்மனிடம் கேட்டபடிதான் இருக்கிறேன். உடம்பளவில் என்று ஏன் சொன்னேன் என்பதை இனிச் சொல்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் நான் குரலை உயர்த்தியதும் உனக்கு எப்படியோ சிக்னல் இல்லாமல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த நோய் இல்லை. உன்னோடு வேலை செய்யும் சதீஸ்குமார் லீவு முடிந்து வியாழக்கிழமை பிளேன் ஏறுகிறான், கருவாட்டுப் பார்சலோடு இதையும் உன் கையில் தருவான். கருவாட்டை எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுக்க வாசி.

“நான் கட்டப்போகும் பிள்ளை, நீங்கள் ஒருக்கா சும்மா கண்டு கதையுங்கள்” என்று நீ சொன்னபடி சனிக்கிழமை விதுசாவைப் பார்க்கப் போனோம். செங்கலடியில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். தான் படிக்கும் கம்பசுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மத்தியானம் சாப்பிடலாம் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது. வாசலில் நின்று, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கச்சியிடம் கேட்டேன். யெமன் மந்தி என்று வாசித்தாள். படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு எமன்தான், மந்தி என்றால் நம் சேனைப் பயிருக்குள் இறங்கிச் சோளனை முறிக்கும் மந்திக்குரங்குதான். உள்ளே கதிரை மேசை இல்லை, நிலத்தில் கம்பளம் விரித்து, தலையணை சாத்தி, கம்பஸ் பிள்ளைகள் வட்டம் வட்டமாக இருந்து சாப்பிடுகிறார்கள். விதுசா இரண்டு தோழிகளோடு எழும்பி வந்து கையைப் பிடித்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “என்ன புள்ள, சேனையில மந்தியிட தொல்ல காணாதெண்டு இஞ்ச மந்தியத் தின்னவா எங்களக் கூப்பிட்ட நீ?” என்று கேட்டேன். தோழிகள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தலையணையில் விழுந்தார்கள். பரிமாற வந்த முனாப் என்ற பொடியன்தான், “பயப்புடாதீங்கம்மா, மந்திண்டா அரபிச் சோறு. யெமன் ஒரு நாடு, உசிரெடுக்கிற ஆளில்ல” என்றான். சொல்லிவிட்டு, கோழி மந்தியா ஆட்டு மந்தியா என்று கேட்டு என்னைத் திரும்பவும் குழப்பினான். சிரித்தது எனக்குக் கோபமில்லை மகன். என் கோபமெல்லாம் உன்னோடு.

ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே சஹன் வந்தது, சுளகு அளவு வட்டத் தட்டு. நீள நீளமான மஞ்சள் சோறு, மேலே முழுக்கோழி, பக்கத்தில் தக்காளிச் சம்பல் போல ஒன்று. ஒரே தட்டில் எல்லாரும் கை வைப்பதா என்று நான் தயங்க, “உங்கட பக்கத்த மட்டும் சாப்பிடுங்கம்மா, ஒராள்ட பக்கம் ஒராள் வரமாட்டம்” என்று சொல்லி விதுசா இறைச்சியைப் பிய்த்து எங்கள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தது. நல்ல பிள்ளை. எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் இன்னும் எரிகிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கச்சியைப் பார்த்து, “ஏ.எல்.லில என்ன பாடம் எடுத்திருக்கிறீங்க கம்சா? நல்லாப் படிப்பீங்களாமே, அவர் எப்பவும் சொல்லுவார்” என்று கேட்டது. இவள் என் முகத்தைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள், பிறகு கலை என்றாள். ஆள் கண்டால் வாய் திறக்காதவள் பதில் சொல்லிவிட்டாளே என்று நான் விசரி சந்தோசப்பட்டேன். விதுசாவுக்கும் நல்ல சந்தோசம். நானும் கலைதான், என் நோட்ஸ் கொப்பியெல்லாம் இருக்கிறது, வருகிற பூரணைப் போயா லீவுக்கு வாகரைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னது. ஏ.எல். என்றால் பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டுப் படிப்பு, இவள் அதைப் படிக்கிறாள் என்று நீ விதுசாவுக்குப் பொய் சொல்லியிருக்கிறாய் என்று பஸ் ஓட்டமாவடி தாண்டியபிறகுதான் இவள் அழுதழுது எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அவள் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தால் நின்றது உனக்குத் தெரியாதா? ஏன் நின்றாள் என்று தெரியாதா? நீ வெளிநாடு போன வருசம் மந்தி விரட்டப் போன நான் காவல் பரணால் விழுந்து கால் முறிந்து நாலு மாதம் பாயில் கிடந்தேன். சமைத்ததும் என்னைத் தூக்கியதும் சேனை பார்த்ததும் யார்? ரீச்சர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டா. நீதான் போனில், “கொஞ்சநாள் நிக்கட்டும் அம்மா, பிறகு அனுப்புவம்” என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. எழுத்து வாசிப்புத் தெரியாத என்னைக் காட்ட வெட்கப்படாத உனக்கு இவளைச் சொல்ல என்ன வெட்கம்? பொய்யைச் சொன்னது நீ, அதற்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியது இவளை. சரி, நடந்தது நடந்துவிட்டது. நல்ல இடம் குழம்பக்கூடாது. போயாவுக்கு விதுசா வரும்போது தங்கச்சியைத் தன்னாமுனையில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், வகுப்புக்குப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணா, இனி எழுதுவது கம்சாயினி. மேலே உள்ள வசனத்தை அம்மா சொன்னபடி எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டுவிட்டுக் கோழி அடைக்கப் போய்விட்டார். உங்களோடு கதைத்தால் சரி, சரி என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வரும், எழுதினால் அப்படி இல்லை. கலை என்ற சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். என்னோடு படித்த பிள்ளைகள் இப்போது ஏ.எல். படிக்கிறார்கள். ரோட்டில் அவித்த சோளன் விற்கும்போது அவர்கள் பஸ்ஸுக்கு நின்று கலை, வர்த்தகம் என்று கதைப்பதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன். உங்களைக் காப்பாற்ற அதில் ஒன்றை எடுத்துச் சொன்னேன். சொன்னபிறகு ஒரு வாய் இறங்கவில்லை. தனித்தனிப் பீங்கான் தட்டு என்றால் சோற்றை அளைந்து மறைத்திருக்கலாம். ஒரே தட்டில் எல்லார் பக்கமும் வெறுமையாக, என் பக்கம் மட்டும் குவியலாக நின்றது. வெட்கத்தில் சாப்பிடவில்லை என்று நினைத்து விதுசா அக்கா அதைப் பார்சல் கட்டித் தந்தா. அதை மடியில் வைத்துக்கொண்டு வாகரை வரைக்கும் வந்தேன்.

நீங்கள் அவவுக்கு ஒரு தங்கச்சியைச் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு என் பெயர்தான். ஆனால் அவள் படிக்கிறாள், நல்ல மாக்ஸ் எடுக்கிறாள். அன்றைக்கு அக்கா இறைச்சி பிய்த்து வைத்தது அவளுக்கு. நோட்ஸ் கொப்பி வரப்போவதும் அவளுக்கு. அவள் வீட்டில் இருப்பதற்காக நான் தன்னாமுனைக்குப் போகவேண்டுமாம். நான் போகமாட்டேன். காலுடைந்த அம்மாவைப் பார்த்ததற்கு நான் ஒளிந்திருக்கவேண்டிய தேவை இல்லை. என்மேல் பாசம் என்று சொல்லாதீர்கள், பாசம் என்றால் உள்ளதைச் சொல்லியிருப்பீர்கள். போயாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீங்களே அவவிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாசல் படலையில் வைத்து நான் சொல்வேன். என் குரல் வராது என்று இருந்துவிடாதீர்கள். கலை என்று சொல்ல வந்த குரல் ஒன்பது என்று சொல்லவும் வரும். அதைக் கேட்டபிறகும் அவ கொப்பிகளைத் தந்தால் வாங்கிக்கொள்வேன், அப்போது அது எனக்குத் தந்ததாக இருக்கும்.

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தை இன்னொருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன்னாமுனை என்ற வரியை வெட்டிவிடச் சொன்னார். நான் வெட்டவில்லை, உங்கள் பொய் எங்கே வந்து நின்றது என்று நீங்கள் பார்க்கவேண்டும். இனி அம்மா சொல்வது: கோபத்தில் சொன்னதெல்லாம் உண்மைதான், ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை. ஆனாலும் நீ நல்லாயிருக்கவேண்டும் மனே, வேலை செய்யும் உயரத்தில் கால் தவறாமல் அம்மன் பிடித்துக்கொள்ளட்டும். கருவாட்டைப் பிரித்ததும் ஒருதரம் வெயிலில் போடு. விதுசாவிடம் உள்ளதைச் சொல்வதை நாளைக்கென்று வைக்காதே.

இப்படிக்கு,
அம்மா பத்தினிப்பிள்ளை,
எழுதியது ஒன்பதாம் ஆண்டு வரை படித்த தங்கச்சி கம்சாயினி.